பொன்னாங்கண்ணியும் நீலத் தண்ணீரும்

9 நவம்பர் 2024, சனி

என் ரத்தம் மிதக்கிறதாம்.

ஜெலுத்தோங் டேவான் மண்டபத்தில் இன்று ரத்த தானம். விடியற்காலையிலேயே கறிபாப் பொரித்து எங்கள் தேநீர்க் கடையில் அடுக்கிவிட்டு, இருப்பதில் நல்ல பாஜு குரோங்காகப் பார்த்து உடுத்திக்கொண்டு என் வீட்டுக்காரர் அஜீஸோடு போனேன். நர்ஸ் விரலைக் குத்தி ஒரு துளி எடுத்தாள். மேசைமேல் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி, அதில் நீலத் தண்ணீர். சத்துள்ள ரத்தம் என்றால் துளி அடியில் போய்ச் சேருமாம். என்னுடையது கொஞ்சம் இறங்கிப் பார்த்தது. பிடிக்கவில்லை போலிருக்கிறது, மேலே வந்து மிதந்துகொண்டது.

"இரும்புச் சத்து பத்தலக்கா. இன்னிக்கு எடுக்க முடியாது," என்றாள். சட்டையில் துளசி என்று பெயர். அக்கா என்று கூப்பிட்டதால் பாதிக் கோபம் போனது. மீதிப் பாதி இன்னும் இருக்கிறது.

பக்கத்திலேயே அஜீஸின் துளி கல்லைப் போல இறங்கியது. முப்பது தடவைக்கு மேல் கொடுத்த மனிதர். படுக்கையில் படுத்துக்கொண்டு, ஊசி குத்தாத கையை எனக்கு ஆட்டிக் காட்டுகிறார்! பெருமை தாங்கவில்லை.

அவருக்கு இது பழக்கம். எனக்கு அப்படியில்லை. ஆகஸ்டில் நஜ்வாவுக்குப் பிள்ளை பிறந்தபோது ரத்தப்போக்கு நிற்கவே இல்லை. என் மகள் வெளுத்துப்போய்க் கிடந்ததை இந்தக் கண்ணால் பார்த்தேன். யாரோ கொடுத்த ரத்தம், பை பையாக ஏறியது. உதட்டில் நிறம் திரும்பியது. அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றே நிய்யத்து வைத்தேன்: முகம் தெரியாதவர்கள் என் பிள்ளைக்குக் கொடுத்தார்கள், முகம் தெரியாத ஒரு பிள்ளைக்கு நானும் கொடுப்பேன், ஒரு பையாவது.

அதற்கு இந்த உடம்பு லாயக்கில்லையாம். தினமும் மூட்டை மாவு பிசைகிற உடம்பு!

12 நவம்பர், செவ்வாய்

கிளினிக் போனேன். வேறு கோளாறு ஒன்றுமில்லை, சத்துக் குறைவுதான் என்று டாக்டர் எல்லாம் சோதித்துச் சொன்னார். ஒரு மாதத்துக்கு மாத்திரை. ஈரல் சாப்பிடுங்கள் என்றார். ஈரல் என் தொண்டையில் இறங்காது என்றேன். அப்போ கீரை என்றார். கீரை இறங்கும்.

17 நவம்பர், ஞாயிறு

பாசாரில் வடிவம்மாளிடம் கீரை கேட்டேன். ஒரு கட்டுப் பொன்னாங்கண்ணியை எடுத்து என் கூடையில் போட்டுவிட்டுத்தான் பேச ஆரம்பித்தாள்.

"இத எடுத்துட்டுப் போக்கா. கண்ணுக்கு நல்லது. ஒடம்புச் சூடு எறங்கும். முடி கொட்டாது."

"ரத்தம் ஊறுமா?"

"ஊறாம? எல்லாம் ஊறும்லா."

பக்கத்தில் பூண்டு பொறுக்கிக்கொண்டிருந்த சீனப் பெண்மணி விடவில்லை. இதை சூப் வைத்துக் குடித்தால் ஈரலுக்கு நல்லது என்று மலாயில் சொன்னாள். மீன்காரர் அவர் பங்குக்கு மூலத்துக்கு நல்லது என்றார். எனக்கு மூலம் இல்லை என்று பாசார் முழுக்கக் கேட்கும்படி சொல்ல வேண்டியதாகப் போயிற்று. கோபம் தணிக்க ஒரு பழைய மீன் பெட்டியைச் சும்மாவே கொடுத்தார், அந்த வெள்ளை நுரைப் பெட்டி.

இலையை ஆய்ந்து எடுத்துக்கொண்டு தண்டுகளைப் பெட்டி மண்ணில் ஊன்றி வாசலில் வைத்திருக்கிறேன். நாலாவது மாடியில் காலை வெயில் நன்றாக விழும். மீன் வாடைதான் போகவில்லை.

1 டிசம்பர், ஞாயிறு

துளிர்த்துவிட்டது! ஒவ்வொரு கணுவிலும் இரண்டிரண்டு இலை.

14 டிசம்பர், சனி

இப்போது தினமும் பொன்னாங்கண்ணிதான். பாசிப்பருப்பு ஒரு பிடி, கூனி இறால் ஒரு பிடி, கடைசியில் தேங்காய்ப் பூ. டப்பாவில் கடைக்கே கொண்டுபோய் மத்தியானம் அங்கேயே சாப்பிடுகிறேன். கையைக் கழுவுவதற்குள் அஜீஸ் ஒரு கிளாஸ் தே நுரைக்க இழுத்து வைத்துவிடுவார். மாத்திரையையும் அதிலேயே விழுங்கிவிடுவேன். அவர் இழுக்கிற தே மாதிரி இந்த ஊரில் கிடையாது, பெண்டாட்டி என்பதற்காகச் சொல்லவில்லை.

கண் தெளிவாகிவிட்டது போலிருக்கிறது. இன்று ஊசியில் நூல் முதல் தடவையிலேயே போனது. பொய் சொல்லக் கூடாது, இரண்டாவது தடவை.

25 ஜனவரி 2025, சனி

மிதந்தது.

இரண்டு மாதத்துக்கு மேலாகக் கீரை தின்றிருக்கிறேன். ஆடு கூட ஒருநாள் வேறு எதையாவது மேயும். துளசி என் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு துளி எடுத்தாள். அதுவும் மிதந்தது. பின்னால் வரிசையில் இருபது பேர் பார்க்கிறார்கள். அஜீஸ் போன முறை கொடுத்து மூன்று மாதம் ஆகவில்லை, அதனால் சும்மா துணைக்கு வந்தவர். அவர் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம்.

"விடு ருக்கையா. ஒன் பங்குக்கும் நானே குடுத்துர்றேன்."

என் பங்குக்கு இவர் கொடுப்பாராம்! நிய்யத்து என்னுடையது. நஜ்வா என் வயிற்றில் கிடந்தவள். வீட்டுக்கு வந்ததும் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். ஏன் இந்த உடம்பு இப்படிப் பண்ணுது? என்ன கொறை வச்சேன் இதுக்கு?

26 ஜனவரி, ஞாயிறு

பெட்டிக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. ஊற்றவும் மாட்டேன்.

9 பிப்ரவரி, ஞாயிறு

மழைச் சாரலிலேயே வளர்ந்து பெட்டிக்கு வெளியே தொங்குகிறது. கொஞ்சமும் ரோஷமில்லாத கீரை. வடிவம்மாள் தலைமுடிக்குச் சொன்னது மட்டும் பொய்யில்லை, சீப்பில் முடி குறைந்திருக்கிறது. ஆனால் நான் முடி தானம் பண்ணப் போகவில்லையே.

2 மார்ச், ஞாயிறு

முதல் நோன்பு. பகலில் கடை அடைப்பு. சாயங்காலம் மட்டும் பாசாரில் அஜீஸ் தண்ணீர் வகைகள் விற்கிறார்.

விடியுமுன் சஹருக்கு எழுந்து பார்த்தால் குளிர்ப்பெட்டியில் எதுவும் இல்லை. வாசலில் இருந்ததைக் கிள்ளி வந்து தாளித்தேன். கோபமாகத்தான் சாப்பிட்டேன், ஆனாலும் ருசியாகத்தான் இருந்தது. சஹரில் தே கிடையாது, குடித்தால் பகலெல்லாம் நாக்கு வறளும். வெறும் தண்ணீர். நோன்பு திறக்கும்போது பேரீச்சையும் எலுமிச்சைத் தண்ணீரும்.

20 மார்ச், வியாழன்

தினமும் சஹருக்கும் நோன்பு திறந்த பிறகும் அதே கீரை. கிள்ளக் கிள்ளத் தழைக்கிறது.

31 மார்ச், திங்கள்

பெருநாள். நஜ்வாவும் மருமகன் இர்வானும் குட்டி இமானோடு சிம்பாங் அம்பாட்டிலிருந்து பாலத்து நெரிசலைத் தாண்டி வந்து சேர்ந்தார்கள். லிஃப்ட் வேலை செய்யவில்லை. கீழே போய் இமானைத் தூக்கிக்கொண்டு நாலு மாடியும் ஏறினேன். நஜ்வா மூன்றாவது மாடியில் நின்று மூச்சு வாங்கினாள், நான் வாங்கவில்லை.

"என்னம்மா, மூஞ்சியெல்லாம் செவந்திருக்கு? ரூஜ் போட்டிருக்கீங்களா?"

ரூஜாம்! பாவாடைக் கயிற்றை இழுத்துக் கட்டவே நேரமில்லாத பெருநாளில்.

12 ஏப்ரல், சனி

டேவானுக்குப் போகவே மனசில்லை. மூன்றாவது தடவையும் அவமானப்பட யாருக்கு ஆசை? கால்தான் போனது.

துளி இறங்கியது. பாதிக் குப்பிவரை இறங்கி, நடுவில் அப்படியே நின்றது. நானும் துளசியும் மேசைமேல் குனிந்து மூச்சுவிடாமல் பார்த்தோம். "போ, போ," என்று அவளே மெதுவாகச் சொன்னாள். பிறகு அது மெல்ல மேலே வந்துவிட்டது.

ஆனால் இறங்கியது! துளசிக்கே ஆச்சரியம். "என்னக்கா செஞ்சீங்க? ஏதாச்சும் மாத்துனீங்களா?"

"ஒண்ணும் மாத்தல. மாத்திரை டிசம்பர்லயே தீந்துபோச்சு. அதே பொன்னாங்கண்ணி. இடையில நோன்பு வந்துச்சு, அவ்ளோதான்."

"நோன்புல எப்பச் சாப்பிட்டீங்க? என்ன குடிச்சீங்க?"

சொன்னேன். அதற்கு முன்னால் எப்படிச் சாப்பிட்டேன் என்று கேட்டாள். அதையும் சொன்னேன், மாத்திரையைத் தேயில் விழுங்கியது உட்பட. அவள் நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள்.

"ஐயோ அக்கா! கீரையில இரும்பு இருக்கு, ஆனா ஒடம்பு அத லேசுல எடுத்துக்காது. அதுக்கு மேல சூடா தே ஊத்துனா, கொஞ்சநஞ்சம் எடுக்கறதையும் தே புடிச்சு வச்சுக்கும். எலுமிச்சை குடிச்சீங்க பாருங்க, அதுதான் சரி. அது இரும்ப உள்ள இழுத்துக் குடுக்கும். சாப்பாட்டுக்கும் தேக்கும் ஒரு மணி நேரமாச்சும் இடைவெளி விடுங்க."

மலைத்துப்போய் உட்கார்ந்தேன். வீட்டில் கொள்ளைக்காரன் இருக்க, நான் கீரையைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

13 ஏப்ரல், ஞாயிறு

கொள்ளைக்காரனிடம் சொன்னேன். கடையில் கூட்டம் குறைந்த பிறகுதான் சொன்னேன், அந்த மரியாதை எனக்குத் தெரியும்.

"நாப்பது வருஷமா தே இழுக்கறேன். யாருக்காச்சும் ஒண்ணு ஆயிருக்கா? என் தே மேல பழி போடாதே."

"ஒங்க தே நல்லாருக்கு. அதுதான் வினை. நல்லால்லன்னா நான் ஏன் குடிக்கப் போறேன்?"

மேசையைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த மேசை.

மத்தியானம் நான் சாப்பிட்டு முடித்தபோது என் முன்னால் கிளாஸ் வைத்தார். தே இல்லை. எலுமிச்சைத் தண்ணீர். கோபமாகத்தான் வைத்தார். ஐஸ் மட்டும் நிறையப் போட்டிருந்தார்.

4 மே, ஞாயிறு

பெட்டி மூன்றாகிவிட்டது. டாக்டர் திரும்பவும் மாத்திரை கொடுத்திருக்கிறார், இந்த முறை எலுமிச்சைத் தண்ணீரில். தே சாயங்காலம் ஒன்று மட்டும். சாப்பிட்ட பின் அந்த ஒரு மணி நேரம் இருக்கிறதே, தலை விண்விண்ணென்று இடிக்கிறது. அஜீஸ் எல்லாருக்கும் இழுக்கிறார், வாசனை நேராக என் மூக்குக்கு வருகிறது. பொறுத்துக்கொள்கிறேன். நஜ்வாவுடைய அந்த வெளுத்த உதட்டை நினைத்தால் எந்த வாசனையும் நிற்காது.

இன்னொரு கூத்து. ஃபேக்டரிப் பெண் ஒருத்தி சோறு சாப்பிட்டுவிட்டுத் தே கேட்டிருக்கிறாள். இவர், "வெளுத்துப்போய் இருக்கேம்மா, கீரைல்லாம் சாப்பிடுறியா? தே அப்புறம் குடிக்கலாம்லா," என்கிறார். தேக் கடைக்காரர் தே விற்க மறுக்கிறார்! நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தேன்.

19 ஜூலை, சனி

மூழ்கியது.

மூழ்கியது, மூழ்கியது, மூழ்கியது! விட்ட வேகத்தில் போய் அடியில் உட்கார்ந்தது. அங்கேயே கிடந்தது. "போச்சுக்கா! உள்ள போச்சு!" என்று துளசி கையைத் தட்டினாள். அடுத்த மேசை நர்ஸ்கள் எட்டிப் பார்த்தார்கள். ஐம்பத்திரண்டு வயதில் பரீட்சையில் முதலாவதாக வந்தேன்.

ஊசி குத்தியது ஒன்றும் தெரியவில்லை. குழாயில் என் ரத்தம் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். எவ்வளவு கருஞ்சிவப்பு! பை நிறைந்ததும் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். துளசி என் உள்ளங்கையில் வைத்தாள். சூடாக இருந்தது. இமானைப் பிறந்த அன்று முதன்முதலாகக் கையில் வாங்கினேனே, அதே சூடு. அப்போதுதான் அழுகை வந்தது. வெட்கப்படாமல் அழுதேன். எந்தத் தாயின் மகளுக்குப் போகிறதோ, அவள் வீட்டுக்கு நல்லபடியாகத் திரும்பிப் போகட்டும். யா அல்லாஹ், ஏற்றுக்கொள்.

நஜ்வாவுக்குப் போன் பண்ணினேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "மாத்திரைதாம்மா வேலை செஞ்சிருக்கு," என்றாள்.

"நோன்புல மாத்திரை ஏது? அப்பவே பாதி எறங்குச்சு. பொன்னாங்கண்ணி."

"சரி, பாதிப் பாதி."

"எலுமிச்சைக்கும் கொஞ்சம் குடு," என்றேன். அடுத்த முறை வரும்போது தண்டு வேண்டுமாம், சிம்பாங் அம்பாட் வீட்டில் ஊன்ற.

அஜீஸ் சாயங்காலம் எனக்கு மட்டும் ஒரு தே இழுத்தார். கை உயரத்துக்கு நுரை. பக்கத்து மேசைக்காரர்களிடம், "என் பொம்பளை இன்னிக்கு ரத்தம் குடுத்துச்சு," என்று கேட்காதவர்களுக்கும் சொன்னார். சொர்க்கம் என்ன ருசியாக இருக்குமோ தெரியாது. இதற்குக் குறைவாக இருந்தால் நான் சண்டை போடுவேன்.

25 அக்டோபர், சனி

இருவரும் போனோம். என் துளி மூழ்கியது. இரண்டாவது பை.

அஜீஸின் துளி மிதந்தது.

அவர் நம்பவில்லை. இன்னொரு துளி எடுக்கச் சொன்னார். அதுவும் மிதந்தது. "அடிக்கடி குடுத்துட்டே இருக்கீங்கண்ணே, சோத்துக்கும் தேதான் குடிப்பீங்க போல. ஒரு மூணு மாசம் ஒடம்பத் தேத்திட்டு வாங்க," என்றாள் துளசி. நான் படுக்கையில் படுத்திருந்தேன். ஊசி குத்தாத கையை அவருக்கு ஆட்டிக் காட்டினேன். ஆட்டக் கூடாதுதான். ஒரு வருஷமாகக் காத்திருந்த கை அது.

மத்தியானம் பொன்னாங்கண்ணி ஆக்கினேன். பெரிய அகப்பையால் அவர் தட்டில் வைத்தேன். சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவினார். கை தன்னால் தேத் தூள் டின் பக்கம் போனது.

"ஒரு மணி நேரம்," என்றேன்.

என்னைப் பார்த்தார். டின்னைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தார். நான் எலுமிச்சை நறுக்கினேன்.