மழைக்கோட்டுத் தட்டும் தம்பி அனுப்பிய சிடியும்

மே 9, வெள்ளி

காலையிலேயே புழுக்கம். உரக்கடையைத் திறப்பதற்குள் சட்டை நனைந்துவிட்டது. யூரியா லோடு வரவில்லை. டிரைவர் போனை எடுக்கவில்லை. எடுக்கவும் மாட்டான்.

மதியம் மீமிசல்காரர் ஒருவர் வந்தார். தோஹாவில் தம்பி முருகுவோடு ஒரே ரூமில் இருப்பவர், லீவில் வந்திருக்கிறார். தங்கையை இங்கே பொன்னமராவதியில்தான் கட்டிக் கொடுத்திருக்கிறாராம். கையில் பார்சல்.

"ஒங்க தம்பி குடுத்து விட்டாருங்க. ஒடையிற சாமான், பாத்துன்னு சொன்னாரு. பிளைட்டுல மடியிலயே வச்சிக்கிட்டு வந்தேன்."

மோர் கொடுத்தேன். அவசரமாகக் குடித்துவிட்டுப் போனார்.

பிரித்தால்: பால் பவுடர், பாதாம், தலைவலித் தைலம். அடியில், துண்டில் சுற்றி, ஒரு சிடி. மழைக்கோட்டு ஆள்! அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கடையில் ஆள் நின்றதால் கல்லாவுக்குள் வைத்துப் பூட்டினேன்.

அந்தப் பெயர் நானும் முருகுவும் வைத்தது. அட்டையில் மழைக்கோட்டு போட்ட ஒருவர் நிற்பார், அதனால். இங்கிலாந்துக்காரப் பையன்கள் வாசித்த புளூஸ். சிங்கப்பூர் மாமா, ஊர் திரும்பும் வெள்ளைக்காரர் ஒருவரிடம் பழைய ரெக்கார்டு பிளேயர் வாங்கி வந்தார். கூடவே நாலைந்து எல்பி தட்டு, அதில் ஒன்று இது. எங்களுக்குப் பாட்டு வரி ஒன்றும் புரியாது. சத்தம் புரியும். மூன்றாவது பாட்டில் கிதார்காரர் காலால் தரையைத் தட்டுவார். மவுத் ஆர்கன் ஊதுகிறவர் ஊதுவதற்கு முன் மூச்சை இழுப்பது கேட்கும். முருகு அவரோடு சேர்ந்து இழுப்பான். எப்போதும் கொஞ்சம் முந்திவிடுவான். நான் அவன் தொடையில் ஒன்று வைப்பேன்.

வீடு பாகம் பிரித்தபோது ரெக்கார்டுகள் அவன் பக்கம் போயின. பரணில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் அடுக்கிவிட்டான். சித்திரை வெயில். அத்தனையும் அப்பளமாக வளைந்துபோயின. அன்றைக்குப் பேச்சு முற்றியது. அதிலிருந்து நல்லது கெட்டதுக்கு மட்டும்தான். அண்ணி மீனாவோடு போனில் மணிக்கணக்கில் பேசுவான். என்னிடம் "நல்லாருக்கீங்களாண்ணே", அதோடு சரி.

இத்தனை வருஷம் கழித்து அதே தட்டு. எங்கே போய்த் தேடினானோ.

மே 10, சனி

பழைய செட்டில் சிடி வைக்கும் தட்டு வெளியே வரமாட்டேன் என்றது. மீனாவின் கொண்டை ஊசியை வைத்து நெம்பினேன். வந்தது.

கேட்டேன். நன்றாக இல்லை. சுத்தமாக நன்றாக இல்லை.

– எல்லாம் ஒரே கத்தல். மெதுவாகத் தொடங்கி ஏற வேண்டிய பாட்டு, எடுத்த எடுப்பிலேயே உச்சியில் நிற்கிறது. அப்புறம் எங்கே ஏறுவது?
– டிரம்ஸ் பக்கத்தில் தகரம் சுரண்டுகிற சத்தம்.
– பின்னால் 'உஸ்' என்று ஓர் இரைச்சல் இருக்குமே, அதைத் துடைத்திருக்கிறார்கள். அதோடு சேர்த்து அவர்கள் உட்கார்ந்து வாசித்த அறையையும் துடைத்தாயிற்று. கால் தட்டு இல்லை. மூச்சு இல்லை.
– வேகம் வேறு. பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர் மாதிரி பாடுகிறார்.

ஒலியைப் புதிதாகச் செப்பனிட்டது என்று அட்டையில் ஆங்கிலத்தில் பெருமை. யாரப்பா கேட்டது?

மறுபடி போட்டேன். காதில்தான் கோளாறோ என்று ஸ்பீக்கரை இங்கிட்டும் அங்கிட்டும் நகர்த்தினேன். அதே கத்தல்.

மீனா வந்து பார்த்தாள். "என்னங்க, எழவு வீட்டுல உக்காந்த மாதிரி உக்காந்திருக்கீங்க?" சொன்னேன். "அவரு எங்கெங்கயோ அலைஞ்சு வாங்கி அனுப்பியிருக்காரு. நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்களேன். என்ன கொறஞ்சா போயிருவீங்க?"

அதுவும் சரிதான். வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்: 'சிடி கிடைத்தது. மிகவும் நன்றாக உள்ளது. மிக்க நன்றி.'

மே 11, ஞாயிறு

ஆட்டுக்கறி. எலும்புதான் அதிகம். மீனாவிடம் திட்டு.

நீல டிக் விழுந்துவிட்டது. மு.விடமிருந்து பதில் இல்லை.

மே 13, செவ்வாய்

யூரியா ஒருவழியாக வந்தது. இறக்குவதற்குள் தூறல், தார்ப்பாய்க்கு ஓட்டம். பதில் இல்லை.

சாயங்காலம் மீனா, முருகு பெண்டாட்டி வசந்தியைப் பார்த்துவிட்டு வந்தாள். "ஒங்க மெசேஜப் பாத்துட்டு அவரு அன்னிக்கு சாப்பிடவே இல்லையாம். அப்படி என்னத்த அனுப்புனீங்க?"

நல்லபடியாகத்தானே அனுப்பினேன். போனைக் கொடுத்தேன். படித்தாள். தலையில் அடித்துக்கொண்டாள்.

"கூடப் பொறந்தவனுக்கு யாராச்சும் மிக்க நன்றின்னு எழுதுவாங்களா? ஒங்க ஒரக் கம்பெனி மேனேஜருக்கு எழுதுற மாதிரில்ல எழுதியிருக்கீங்க. ஒன் சங்காத்தமே வேணாம்னு சொன்ன மாதிரி இருக்கு."

எனக்கு உறைக்கவே இல்லை. இப்போது உறைக்கிறது. மாமா அந்த ரெக்கார்டு பிளேயரைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கியபோது வீட்டில் யார் நன்றி சொன்னார்கள்? "இம்புட்டுத்தானா தட்டு?" என்றுதான் நானும் முருகுவும் கேட்டோம். மாமாவுக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

மே 14, புதன்

கரண்ட் கட். வந்ததும் திரும்ப அந்த சிடிதான். கண்ணை மூடிக்கொண்டு, இல்லாத கால் தட்டை நானே தட்டிப் பார்த்தேன். பக்கத்தில் மூச்சு இழுக்க ஆள் இல்லை. பாட்டு நன்றாக இருந்தாலும் பாதிதான் கேட்டிருக்கும். அவன் மேல் இருந்த கோபம் எப்போதோ போய்விட்டது. போனது அவனுக்குத் தெரியாது. எனக்கே இன்றைக்குத்தான் தெரிகிறது.

சர்க்கரை மாத்திரை வாங்க வேண்டும்.

மே 16, வெள்ளி

மு.வுக்கு லீவு நாள். காலையில் நானே போன் போட்டேன்.

"சொல்லுங்கண்ணே." குரலில் ஒன்றும் இல்லை.

"என்னடா சிடி அனுப்பியிருக்க? காது வலிக்குதுடா."

விடவில்லை நான்.

"காலு தட்டுற சத்தம் எங்கடா? மூச்சு எங்கடா? தகர டப்பாக்குள்ள ஆள அடைச்சுப் பாட விட்ட மாதிரி இருக்கு. இத ஒருத்தன் காசு குடுத்து வாங்குவானாடா?"

சிரிப்புச் சத்தம். சிரிப்பா, வேறு ஏதாவதா, சொல்லத் தெரியவில்லை. மூக்கை உறிஞ்சினான்.

"கண்றாவிண்ணே. நானும் இங்க போட்டுக் கேட்டேன். அண்ணன் கேட்டா நம்மளக் கிழிச்சுத் தோரணம் கட்டிருவாருன்னு நெனச்சேன். அதுக்குத்தான் அனுப்புனேன். நீ என்னடான்னா மிக்க நன்றின்னு போட்ருக்க. அம்புட்டுத்தான், நம்மள கை கழுவிட்டாருன்னு நெனச்சிட்டேண்ணே."

பேச்சை மாற்ற, வேகத்தைப் பற்றிச் சொன்னேன்.

"அதுக்கு சிடியக் கொற சொல்லாத. அப்ப நம்ம ஊருக் கரண்டுக்குத் தட்டு மெதுவாத்தான் சுத்துச்சு. அந்தாளு நெசமாவே இந்த வேகத்துலதான் பாடியிருக்காரு."

"அப்ப இத்தன வருசம் நாம கேட்டது?"

"அது பொன்னமராவதிப் பாட்டு."

இருவரும் சிரித்தோம். மீனா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்து மூன்றாவது பாட்டைப் போட்டேன். அதே கத்தல், அதே தகரம். காலை நான் தட்டினேன். மவுத் ஆர்கன் வருகிற இடம். போனில் ஒரு மூச்சு. கொஞ்சம் முந்தி.