அஞ்சலையின் வாளி

பிப்ரவரி 11, 1983. வெள்ளி.

படுத்துப் பார்த்தேன். தூக்கம் வரவில்லை. எழுந்து உட்கார்ந்து, இன்று நடந்ததை எழுதுகிறேன்.

வழக்கமாகக் காலை எட்டு மணிக்குத்தான் பெரிய மீன் மார்க்கெட்டுக்குப் போவேன். இன்று ஆறு மணிக்கே போய்விட்டேன். ராமேஸ்வரம் தீவிலிருந்து ரயிலில் வரும் சிங்கி இறாலில் எத்தனை முட்டையோடு இருக்கின்றன என்று எண்ணி எழுதுவது மீன்வளத் துறையில் என் வேலை. எந்த மாதங்களில் சிங்கி பிடிக்கக் கூடாது என்று அதை வைத்துத்தான் தீவில் முடிவு செய்வார்கள்.

மீன் விற்கும் அஞ்சலை ஒரு சிங்கியை மல்லாத்திப் பிடித்து, பழைய பிரஷ்ஷால் வயிற்றைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வாளித் தண்ணீர் முழுக்க ஆரஞ்சு முட்டைகள்.

“என்னம்மா இது?”

“முட்டையோட இருந்தா ஓட்டல்காரன் எடுக்கமாட்டான் சார். தெனம் நீங்க வர்றதுக்குள்ள சுத்தம் பண்ணிடுவேன்.”

பக்கத்துக் கடைக்காரி சிரித்தாள். “சார் இன்னிக்கி பல்லாவது வெளக்கினாரா, கேளு.”

மூன்று மாதமாக முட்டைக் கட்டத்தில் பூஜ்யம் எழுதி அனுப்பியிருக்கிறேன். அந்தக் கணக்கை நம்பி மாதங்களை முடிவு செய்ய, திங்கட்கிழமை தீவில் கூட்டம்.

என் மேலதிகாரியிடம் சொன்னேன். “போனது போவட்டும்யா. இப்ப திருத்துனா ரெண்டு பேருக்கும் மெமோதான்” என்றார்.

தீவுக்குக் கடிதம் எழுதினேன். இரண்டு முறை கிழித்துப் போட்டேன். இரண்டிலும் பழி அஞ்சலை மேல் விழுந்தது. அவள் எதையும் மறைக்கவில்லை. கேட்காதவன் நான்.

மூன்றாவது தாளில் இப்போதைக்கு ஒரே வரிதான் இருக்கிறது: ‘நான் தினமும் எட்டு மணிக்குத்தான் போனேன்.’

கண் எரிகிறது, இமை தானாக மூடுகிறது. காலையில் முதல் தபாலுக்குள் இதை முடித்துப் போட்டுவிட…