உப்புத் தண்ணீர் ஊற்றிய பதினோரு நாள்

என் செல்லமே, சுதாகரு,

தொட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. எதிரில் நின்றால் நீ அதைத்தான் முதலில் கேட்பாய், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மோட்டார் ஓடுகிறது, விளக்கு எரிகிறது, அந்த ஆரஞ்சு மீன் இன்று காலையும் என் விரலைக் கடிக்க வந்தது.

நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது. உன்னிடம் ஒரு விஷயத்தை மறைத்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அந்த முப்பது லிட்டர் கண்ணாடித் தொட்டியை நீ சிப்காட் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாய். டிவி மேசையில் பாதியைக்கூட அது அடைக்கவில்லை. ரோலிங் மில்லில் ஷிப்ட் முடிந்து வந்ததும், சோப்புப் போடாமல் முழங்கை வரை தேய்த்துக் கழுவிவிட்டு அதில் கை விடுவாய். அம்மாவுக்கு அது புரியவே இல்லை.

"கடலு இங்கதான கீது? நீ இன்னாடா பாக்கெட் உப்ப வாங்கி ஊட்ல கடலு பண்ணிக்கினு கீற?"

"அந்தத் தண்ணியில இன்னா கலந்து கீதோ யாருக்கும்மா தெரியும்? இது நானே அளந்து கலக்குறது."

பவளம் என்றால் மோதிரத்தில் வைக்கிற சிவப்புக் கல் என்றுதான் நான் நினைத்திருந்தேன். நீ தொட்டியில் வைத்தது உயிருள்ள பவளம். வெளிச்சம் வந்தால் விரியும், விரல் பட்டால் சுருங்கும். குட்டிக் குட்டிப் பூக்களாகப் பச்சையில் ஒன்று, தோசை போலப் படர்ந்து பழுப்பில் ஒன்று. உனக்குப் பிடித்தது பழுப்புதான். ஏன் என்று நான் கேட்டதே இல்லை.

காய்ச்சல் குறையாமல் உன்னைச் சென்னை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று, ஆட்டோவில் ஏறும்போது சொன்னாய். "அக்கா, தண்ணி கொறஞ்சா கோடு வரைக்கும் ஊத்திடு." எந்தத் தண்ணீர் என்று நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மேசைக்கு அடியில் இரண்டு கேன் இருந்தன. நீலக் கேனில் உப்புக் கலந்த தண்ணீர், வெள்ளைக் கேனில் வெறும் ஆர்.ஓ. தண்ணீர். கடல் மீன்தானே என்று தினமும் நீலக் கேனிலிருந்தே ஊற்றினேன்.

தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு அப்படியே தங்கிவிடும் என்பது எனக்கு அப்போது தெரியாது. தொட்டிக்கு மேலே நீ மாட்டியிருந்த ஃபேன் காற்றில் தண்ணீர் வேகமாகக் குறைந்தது. நான் ஊற்ற ஊற்ற உப்பு ஏறியது. ஐந்தாம் நாள் பச்சை மூடிக்கொண்டது. பழுப்பு ஓரம் சுருண்டு கல்லோடு ஒட்டிப்போனது. அன்று சாயந்திரம்தான் நீ போன் செய்தாய். குரல் எங்கோ தூரத்தில் கேட்டது.

"எல்லாம் தெறந்துகினு கீதாக்கா?"

"நல்லா தெறந்துகினு கீதுடா. நீ கம்முனு படு."

படுத்திருப்பவனுக்கு எதற்குக் கவலை என்று நினைத்தேன். மறுநாள் உன்னை ஐ.சி.யூ.வுக்கு மாற்றினார்கள். அதன் பிறகு நாம் பேசவில்லை. ஒரு வார்த்தை உண்மையைச் சொல்லியிருந்தால் "வெள்ளைக் கேனுதான்க்கா" என்று நீயும் ஒரே வார்த்தையில் முடித்திருப்பாய், இல்லையா?

பதினோராம் நாள் உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

அடக்கம் முடிந்த கையோடு தொட்டியை எடுத்துப் போகச் சொல்லி உன் ஷிப்ட்காரன் வேலுவைக் கூப்பிட்டேன். கண்ணில் வைத்துப் பார்ப்பாயே ஒரு சின்னக் குழாய், அதில் ஒரு சொட்டு விட்டு உப்பு எவ்வளவு என்று பார்த்தான். துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான்.

"அக்கா, இன்னா தண்ணி ஊத்துனீங்க?"

நீலக் கேனைக் காட்டினேன். அவன் திட்டவில்லை. சட்டையை மடித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான்.

"அவன் மொத வாரமே ரெண்டு மீனு சாகடிச்சான்க்கா. மீனு உடாம ஒரு மாசம் தண்ணி மட்டும் ஓடணும், அதுக்குள்ள அவசரப்பட்டு உட்டுட்டான். உங்ககிட்ட சொல்லலியா?"

சொல்லவில்லை. கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டதாகத்தான் எங்களிடம் சொன்னாய். செத்த வீட்டில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதேன். வேலு என்ன செய்வதென்று தெரியாமல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தொட்டியைக் கொடுக்கவில்லை. பழுப்பை வெளியே எடுத்தேன், நாற்றம் தாங்கவில்லை. அம்மா பார்க்கும் முன்பே வேப்பமரத்தடியில் புதைத்துவிட்டேன். உப்பை ஒரே நாளில் குறைத்தால் மற்றவையும் போய்விடும் என்று வேலு சொன்னான். தினம் கொஞ்சம் தொட்டித் தண்ணீரை எடுத்துவிட்டு வெள்ளைக் கேனிலிருந்து ஊற்றினேன். ஒன்பதாம் நாள் பச்சையில் ஒரே ஒரு பூ விரிந்தது. பேக்கிங் வேலைக்கு அன்று அரை மணி நேரம் தாமதமாகப் போனேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் மூன்று லிட்டர் மாற்றுகிறேன். கண்ணாடியில் படியும் பாசியைச் சுரண்டுகிறேன். பச்சை பக்கத்துக் கல்லுக்கும் தாவிவிட்டது. அதில் ஒரு துண்டை வேலு வாங்கிப்போய்த் தன் வீட்டில் வைத்திருக்கிறான்.

போன மழையில் ஒரு மத்தியானம் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்துக் கரண்ட் போய்விட்டது. கம்பெனிக்கு அம்மா போன் செய்தாள்.

"புஷ்பா, மோட்டாரு நின்னுபோச்சி. மீனு மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுது. இன்னாடி பண்றது?"

"டம்ளரால மொண்டு மொண்டு மேலருந்து ஊத்திக்கினே இரும்மா. காத்து உள்ள போவணும். நிறுத்தாத."

மூன்று மணி நேரம் கழித்து வீட்டுக்கு வந்தேன். ஸ்டூலில் உட்கார்ந்து அம்மா இன்னும் ஊற்றிக்கொண்டிருந்தாள். புடவை முழுக்க ஈரம். டம்ளரை என்னிடம் கொடுத்துவிட்டுத் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"கையி மாத்தி கையி ஊத்துனேன். அவனுக்குத்தான் ஒண்ணும் பண்ண முடியல" என்றாள்.

கரண்ட் வந்து மோட்டார் ஓடத் தொடங்கிய பிறகும் நாங்கள் எழுந்திருக்கவில்லை. அப்போது அம்மா கேட்டாள், "பழுப்பா ஒண்ணு இருந்துச்சே, அது எங்க?" நான் எல்லாவற்றையும் சொன்னேன், நீலக் கேன், போனில் நான் சொன்ன பொய், வேப்பமரத்தடி வரை.  அம்மா எழுந்து முந்தானையைப் பிழிந்தாள்.

"அவங்கிட்டயும் சொல்லிடு" என்றாள்.

சொல்லிவிட்டேன், சுதாகரு. உனக்குப் பிடித்ததை நான்தான் சாகடித்தேன். மற்றவை உயிரோடு இருக்கின்றன. இனி இந்த வீட்டில் எது நன்றாக இருக்கிறது, எது இல்லை என்று உனக்கு உள்ளபடியே சொல்வேன்.

உன் கூடப் பிறந்தவள்,
புஷ்பா அக்கா