இறக்கத்துக்கு முன் பாதி காலி

புனே

அன்பு மனைவி மெஹராஜுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். முழங்கால் வலி தேவலையா? செஞ்சியில் மழை உண்டா? நான் நலம்.

எங்கள் மின்சாரப் பேருந்தை நேற்று மறுபடி மலையிலிருந்து இறக்கிப் பார்த்தோம். அதில் பேட்டரியோடு கெப்பாசிட்டர் என்ற சேமிப்பும் உண்டு. பிரேக் பிடிக்கையில் உண்டாகும் மின்சாரத்தை அது சட்டென்று வாங்கிக்கொள்ளும். போன முறை, புறப்படுமுன் எல்லாம் நிறைந்திருக்கட்டும் என்று இரண்டையும் நிரப்பிவிட்டேன். வந்த மின்சாரத்துக்கு இடமில்லாமல், சக்கர பிரேக்கே பாரம் தாங்கிப் புகைந்தது. இன்னொரு முறை புகைந்தால் என்னை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்றிருந்தது.

நேற்று கெப்பாசிட்டரைப் பாதி காலியாக விட்டேன். என் கணக்கை எனக்கே நம்ப முடியவில்லை. ஓட்டுநர் தங்கராஜ் நம் பனமலைக்காரர். “இன்னா சார், பாதிய காலியா வுட்டுட்டீங்க? கீழ போயி தள்ளச் சொல்லுவீங்களா?” என்று சிரித்தார்.

அடிவாரத்தில் அவரே சக்கரத்தருகே கையை நீட்டிப் பார்த்தார். “சூடே இல்ல சார். நீங்க மொதல்ல குந்துங்க, தண்ணி குடிங்க” என்றார். அல்ஹம்துலில்லாஹ், வேலை தொடர்கிறது.

என் பழைய மூக்குக்கண்ணாடியை அனுப்பு. கஞ்சிக்கு வெந்தயம் எவ்வளவு என்று தாளில் எழுதி வை. போனில் நீ சொல்லும்போது குரலைக் கேட்டுக்கொண்டே இருந்து, அளவை விட்டுவிடுகிறேன்.

வேலைக்கு அழைத்துப்போக வண்டி வந்துவிட்டது.

உமர் பாரூக்