ஒன்றுமே நடக்காத நாடகம்

அன்புள்ள அம்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். தம்மாமில் நான் சுகமாக இருக்கிறேன். திண்டிவனத்தில் மாவுக்கட்டுப் பிரித்த பிறகு அத்தாவின் கால் எப்படி இருக்கிறது? போனில் கேட்க ஆரம்பித்தால் வேறு பேச்சுக்குப் போய்விடுகிறேன். அதனால் ஊருக்கு வரும் ஆசிப்பிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

இங்கே ரூமில் ஆறு பேரும் வெள்ளிக்கிழமை கொரியா நாடகம் பார்க்கிறோம். அதில் சண்டை இல்லை, வில்லி இல்லை. சோறு தின்பார்கள், துணி மடிப்பார்கள். போன வாரம் ஒரு மகன் பேப்பரை விரித்து தன் அத்தாவுக்குக் கால் நகம் வெட்டினான், அவ்வளவுதான். ரூமில் இருக்கும் முகையூர்க்காரர் விருத்தாசலம் அண்ணன், "ஒண்ணுமே நடக்கலியே, எதுக்குப்பா எல்லாரும் அழுதுக்கினு இருக்கோம்?" என்றார். சிரித்துவிட்டோம்.

லீவு கேட்டேன். ரம்ஜான் முடியட்டும் என்கிறார்கள்.

நீங்களோ வீடியோவில் அத்தா முகத்தை மட்டும் காட்டி, "நல்லா இருக்காரு" என்று முடித்துவிடுகிறீர்கள். இனிமேல் போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். என்னோடு பேசக்கூட வேண்டாம்.

ஆசிப் பெட்டியைக் கட்டுகிறான், முடிக்கிறேன். அத்தாவின் நகம் கெட்டி என்று பெரிய நகவெட்டியாக வாங்கி அனுப்பியிருக்கிறேன். வெட்டும்போது போனைக் கால் பக்கம் வையுங்கள்.

உங்கள் மகன்,
யாஹ்யா