திறக்கக் கூடாத ஜன்னல்

சினானின் அப்பாவுக்கு,

அம்மாவைப் பார்க்கப் போகிறேன், சாயங்காலம் வந்துவிடுவேன். வெண்டைக்காய்க் குழம்பு அடுப்பில் இருக்கிறது. பாக்தாதில் இன்று வெயில் ஐம்பதைத் தொடுமாம், மொட்டை மாடிக்குப் போகாதீர்கள். ஏர் கூலரில் தண்ணீர் ஊற்றிவிட்டேன். ஒரு ஜன்னலாவது திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அறை புழுங்கிவிடும். சமையலறை ஜன்னலைத் திறங்கள். எதிர்வீட்டு பல்கீஸைப் பார்த்த ஜன்னல் வேண்டாம்.

"உங்க வீட்டுக்காரர் கை பட்டதும் எங்க கூலர் பனியாட்டம் அடிக்குதுக்கா" என்று நேற்று ரொட்டிக் கடையில் எல்லார் முன்னாலும் சொல்கிறாள். அவள் கூலருக்குப் புது வைக்கோல் தட்டி மாட்டிய கை நம் கூலரைத் தொட்டு இரண்டு கோடையாகிறது.

ஷதா

பி.கு.: நம் தட்டியை நானே மாற்றிவிட்டேன். கழற்றிய பழையதை வீணாக்கவில்லை. அந்த ஜன்னலில் வைத்து ஆணி அடித்திருக்கிறேன்.