நான் எடுக்காத நாற்பத்தொரு அறிவியல் நூல்கள்

அனுப்புநர்:
சு. சீனியம்மாள், பி.எஸ்ஸி.,
தொலைபேசி இணைப்பக ஊழியர்,
வண்டியூர், மதுரை.

பெறுநர்:
மாவட்ட நூலக அலுவலர் அவர்கள்,
மதுரை.

பொருள்: கிளை நூலகப் பதிவேட்டில் நான் எடுக்காத அறிவியல் நூல்கள் என் பெயரில் பதியப்பட்டிருப்பது – நேரடி விசாரணை கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் பகுதிக் கிளை நூலகத்தில் நான் ஒன்பது ஆண்டுகளாக உறுப்பினர், எண் 112. முறைமாற்றி வரும் வேலை, சமையல், மாமியாரின் மருத்துவம் இவற்றுக்கிடையே, கோரிப்பாளையம் செல்லும் பேருந்தில் இருக்கை கிடைத்தால்தான் எனக்குப் படிப்பு. அந்த அரைமணிக்கு விண்வெளி நூலோ அறிவியல் கதையோ இல்லாவிட்டால் அன்றைய பொழுது எனக்குப் பொழுதாக இருப்பதில்லை.

2. சென்ற ஆடி முதல், எந்த அறிவியல் நூலைக் கேட்டாலும் வெளியே போயிருப்பதாக நூலகர் திரு. காசிமாயன் கூறிவந்தார். "அம்புட்டும் போயிருச்சுக்கா. வண்டியூர்க்காரவுக ராக்கெட்டு விடப் போறாக போல" என்பது அவர் சொன்ன சொல். முதலில் நான் மகிழ்ந்தேன் என்பதை மறைக்கவில்லை. என்னைப் போல் இன்னொருவர் இருக்கிறார் என நம்பி, நூல்களை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டு ஒரு கடிதம் எழுதி, அவரிடம் சேர்க்குமாறு நூலகரிடம் கொடுத்தேன். பதில் இல்லை. பேருந்தில் எவர் மடியில் புத்தகம் இருந்தாலும் எட்டிப் பார்க்கும் பழக்கம் வந்தது.

3. இம்மாதம் 6ஆம் தேதி நூலகர் தேநீர் அருந்தச் சென்றிருந்தபோது, மேசையில் விரித்திருந்த பதிவேட்டைப் பார்த்தேன். அது முறையன்று, எனினும் பார்த்தேன். ஐந்து மாதங்களில் நாற்பத்தொரு அறிவியல் நூல்கள் வழங்கப்பட்டுள்ளன. அத்தனைக்கும் எதிரே 112. கொட்டாம்பட்டியில் ஒரு காதுகுத்துக்கு நான் போயிருந்த நாளில் மட்டும் நான்கு. என்னிடம் இருப்பதோ, நூலுக்கு ஒன்றாக, இரண்டே நூலகச் சீட்டுகள். ஒரே நாளில் நான்கு நூல்களுக்கு நேரம் வாய்த்த அந்தச் சீனியம்மாள் மீது எனக்குச் சற்றுப் பொறாமைகூட உண்டாயிற்று.

4. திரும்பி வந்த நூலகரிடம் கேட்டதற்கு அவர் தயங்கவே இல்லை. "படிக்கிறதாக் காட்டலைன்னா கிளைய மூடிருவாகக்கா. உங்க பேரப் போட்டா யாரு சந்தேகப்படுவா?" என்றார். நூல்கள் எங்கே என்றதற்கு, "வெளிய விட்டுத் தொலைஞ்சா எந்தலையிலல்ல விடியும்" என்றார். இது விடையன்று. பின்னறையிலுள்ள அலமாரியின் கண்ணாடிக்கு உட்புறம் செய்தித்தாள் ஒட்டப்பட்டுள்ளது. தாள் கிழிந்த மூலையில், வளையமிட்ட சனிக்கோள் படமுள்ள அட்டை ஒன்று தெரிகிறது. மற்ற நாற்பதும் உள்ளே இருக்கின்றனவா, வேறெங்கும் போய்விட்டனவா என்பதை நான் அறியேன். அலமாரிச் சாவி தலைமை அலுவலகத்தில் இருப்பதாக அன்றும், தொலைந்துவிட்டதாக மறுநாளும் கூறினார்.

5. மார்ச் மாத இருப்புச் சரிபார்ப்பில் ஒரு நூல் குறைந்தாலும் கேள்வி என்னிடம்தான் வரும். என் சீட்டுகள் பறிக்கப்பட்டால் எனக்குப் படிக்க வேறு இடமில்லை. இம்மனுவே விளக்கம் கேட்டு நூலகரிடம் அனுப்பப்படுமோ என்ற ஐயமும் உண்டு. ஆகவே ஒப்புகைச் சீட்டுடன் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்; நகல் என்னிடம் உள்ளது. அன்று அவர் தேநீர் அருந்தித் திரும்புவதற்குள் பதிவேட்டிலிருந்து குறித்துக்கொண்ட இருபத்தாறு நூல் எண்களை இணைத்துள்ளேன்.

6. தாங்கள் முன்னறிவிப்பின்றி வந்து, அலமாரியைத் தங்கள் முன்னிலையில் திறந்து எண்ணுமாறு வேண்டுகிறேன். நூலகரின் வேலைக்குக் கேடு வரவோ, கிளை மூடப்படவோ நான் விரும்பவில்லை. நூல்கள் உள்ளே இருந்தால், பதிவேட்டில் என் பெயரை அடிக்கவும் வேண்டாம். அதன்படி நான் படித்து முடித்த நாற்பத்தொரு நூல்களையும், வாரம் இரண்டாக, எனக்குப் படிக்கத் தருமாறு உத்தரவிட்டால் போதும்.

தங்கள் வருகையை எதிர்நோக்கும்,
சு. சீனியம்மாள்
(உறுப்பினர் எண் 112)

இடம்: வண்டியூர்
நாள்: 9-1-1983

இணைப்பு: நூல் எண்கள், ஒரு தாள்